விசிறிப்பாக்கத்து மாமா

என் அறைச் சுவரில் ஓர் ஆணியில் பனையோலை விசிறி ஒன்று தொங்குகிறது. கைப்பிடி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. ஓலை பிய்ந்துபோகாமல் இருக்க ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்திருக்கிறது. அந்தச் சிவப்பும் இப்போது வெளுத்துச் செங்கல்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. தலைக்கு மேலே மின்விசிறி ஓடும்போது இது எதற்கு என்று டில்லியிலிருந்து வருகிற மகன் ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். கரண்ட் போனால் வேண்டுமே என்று சொல்லிவைக்கிறேன். இந்தத் தியாகராய நகரில் கரண்ட் போவதற்குக் குறைவே இல்லையாதலால் அவனும் அதோடு விட்டுவிடுகிறான். கரண்ட் போனால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன் என்பது அவனுக்குத் தெரியாது. அந்த விசிறியை நான் வீசிக்கொள்வதில்லை. அது என்னுடையதும் இல்லை.

அதற்குச் சொந்தக்காரரை நாங்கள் துபாஷி என்றுதான் அழைப்போம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் பட்டணத்து மாஜிஸ்திரேட் கோர்ட் ஒன்றில் நகல் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அவர் அங்கே மொழிபெயர்ப்பாளர். சாட்சிகளும் கைதிகளும் தமிழிலோ தெலுங்கிலோ உருதுவிலோ சொல்வதை வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டுக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது அவர் வேலை. காகிதத்தில் அந்த உத்தியோகத்துக்குப் பெயர் வேறு. ஆனால் வாசல் சேவகர் முதல் பெரிய வக்கீல் வரை கம்பெனி காலத்துப் பழைய பெயரையே அவருக்குச் சூட்டியிருந்தார்கள். மயிலாப்பூர்க்காரர். நல்ல உயரம், கழுத்துவரை மூடிய கோட்டு, பஞ்சகச்சம், தலைப்பாகை, கக்கத்தில் இந்த விசிறி. கோர்ட்டில் கூரையில் தொங்கும் பங்காவைக் கயிறு கட்டி இழுக்கத் தனியாக ஓர் ஆள் உண்டு. அப்படியிருந்தும் இவர் விசிறியோடு வருவதைப் பார்த்து வக்கீல்கள் சிரிப்பார்கள். மாஜிஸ்திரேட் இல்லாத நேரத்தில், "துபாஷி, இந்தப் பக்கம் கொஞ்சம் வீசும்" என்று கேலி செய்வார்கள். அவரும் வீசுவார். அவர் வீசுகிற விதத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. காற்று அவர் மேல் படாது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் மேல்தான் படும். தானுண்டு தன் வேலையுண்டு என்று விசிறிக்கொண்டிருப்பார். நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருக்கும். கைப்பழக்கம் அப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரும்பாலும் அந்தக் காற்றை வாங்கியவன் நான்தான்.

அபின், கஞ்சா வழக்கு என்றால் அவர் இல்லாமல் கோர்ட் நடக்காது. அந்த நாளில் அவை இரண்டும் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கடைகளில் அளவோடு விற்கப்பட்டன. அளவுக்கு மேல் வைத்திருந்தாலோ லைசென்ஸ் இல்லாமல் விற்றாலோ குற்றம். கொக்கேன் என்கிற வெள்ளைப் பொடியோ முழுக்கத் திருட்டுச் சரக்கு. கப்பலில் ஒளிந்து வந்து, வெற்றிலைக்குள் மடிந்து வாய்க்குப் போகும். இவற்றை விற்பவர்களும் வாங்குபவர்களும் அதனதன் பெயரைச் சொல்லிப் பேசுவார்களா? தங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒட்டுக்கேட்டதை எழுதிக்கொண்டு வருவார். மாஜிஸ்திரேட் துபாஷியின் முகத்தைப் பார்ப்பார். துபாஷி தொண்டையைக் கனைத்துக்கொண்டு அர்த்தம் சொல்வார். அவர் சொன்னதுதான் அர்த்தம்.

அந்தச் சொற்கள் எப்படிப் பிறந்தன, எப்படிச் செத்தன என்பதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கஞ்சாவுக்கு முதலில் சாமியார் என்று பெயர் இருந்ததாம். குளத்தங்கரையில் காவியுடன் உட்கார்ந்திருப்பவர்கள் குடிப்பதைப் பார்த்து வந்த பெயர். அதை இவர் கோர்ட்டில் சொன்னதும் அந்தப் பெயர் தெருவிலிருந்து மறைந்துவிட்டது. அடுத்த மாதம் 'தாடி' என்று ஆயிற்று. சாமியாருக்குத் தாடி உண்டல்லவா? அதுவும் கோர்ட் ஏறியது. உடனே 'சவரம்' வந்தது. "மாலையில சவரம் பண்ணிக்கலாமா?" என்று முகத்தில் ஒரு மயிர்கூட இல்லாதவன் கேட்டால் போலீஸ்காரர் பென்சிலை எடுப்பார். அபினை மிளகு அளவுக்கு உருட்டி விற்பார்கள், ஆகையால் மிளகு. மிளகு பிடிபட்டதும் ரசம். கொக்கேன் வெற்றிலையில் சுண்ணாம்போடு போவதால் சுண்ணாம்பு. அது தெரிந்துபோனதும் வெள்ளையடிப்பு. இந்த வெள்ளையடிப்பால் ஒரு கூத்தே நடந்தது. அப்போதுதான் ஏரியைத் தூர்த்து இந்தத் தியாகராய நகரில் வீடு வீடாக எழுந்துகொண்டிருந்தது. அர்த்தம் கோர்ட்டில் வெளியான சூட்டோடு ஒரு போலீஸ்காரர், "நாளைக்கு வெள்ளையடிக்க வரணும்" என்று சொல்லிக்கொண்டு போன இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். மட்டையும் வாளியுமாக நின்ற அந்த இருவரும் நிஜமாகவே வெள்ளையடிப்பவர்கள். துபாஷி அன்று சிரித்ததுபோலச் சிரித்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

"ஒரு வஸ்துவுக்கு எத்தனை பேர் இருக்கோ, அதைச் சுத்தி அத்தனை பயம் இருக்குன்னு அர்த்தம் ஓய்" என்று ஒருநாள் சொன்னார். என்னை எப்போதும் ஓய் என்றுதான் கூப்பிடுவார். பயத்தில்கூட மனிதர்கள் இவ்வளவு அழகாகப் பேசுகிறார்களே என்று அவருக்கு ஓர் ஆச்சரியம். அந்தப் பேச்சின் மேல் அவருக்கு ஆசை இருந்தது என்றே சொல்வேன். ஆனால் அவர் பக்கத்தில் போனால் அந்தப் பேச்சு நின்றுவிடும். அதுதான் அவர் வாங்கிவந்த வரம்.

நான் திருவல்லிக்கேணியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பட்டணத்தில் எனக்கு ஒரு ஈ காக்கையைத் தெரியாது. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் கோர்ட் விட்டபின் துபாஷியோடு கொஞ்ச தூரம் நடப்பது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு பாய் வெற்றிலைக்கடை வைத்திருந்தார். கடை முன்னால் எப்போதும் ஜட்காக்காரர்களும் அச்சாபீஸ் ஆட்களும் சும்மா இருப்பவர்களும் கூடி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பாய் விற்றது வெற்றிலை பாக்கு மட்டும்தான். ஆனால் அந்தக் கும்பலில் சவரமும் ரசமும் தெரியாதவர்கள் குறைவு. துபாஷி அந்தப் பக்கம் திரும்பியதுமே பேச்சு மழையைப் பற்றியதாகிவிடும். சித்திரை மாதத்தில் என்ன மழை! அவர் வெற்றிலை கேட்பார். பாய் மரியாதையாக மடித்து, கடையின் முன்பலகையில் வைப்பார். எனக்கு மட்டும் கையில் கொடுப்பார். முதலில் நான் இதைக் கவனிக்கவில்லை. கவனித்தபிறகு துபாஷியையே கேட்டேன்.

"இது அந்த இடத்து வழக்கம் ஓய்" என்றார். "நம்ம ஆள்னா கையில. வேண்டாதவன்னா பலகையில. திட்டமாட்டா, போன்னு சொல்லமாட்டா. பலகையில வெச்சுடுவா. அதுக்கு மேல அவனோட ஒருத்தரும் பேசமாட்டா." இதைச் சொல்லிவிட்டுப் பலகையிலிருந்து எடுத்த வெற்றிலையை மென்றுகொண்டே நடந்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் அதே கடைக்குப் போனார். மயிலாப்பூரில் வெற்றிலைக்கடை இல்லாமலா போயிற்று?

இன்னொரு நாள் மாலை கபாலீசுவரர் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். காற்றே இல்லை. அவர் விசிறி என் பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. "நீங்கள் வீசிக்கோங்களேன், எனக்கு எதற்கு?" என்றேன். அப்போதுதான் கை என்ன செய்கிறது என்பதை அவரே பார்த்தார். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுத் தம்பியைப் பற்றிச் சொன்னார். அப்பா முன்பே போய்விட்டாராம். அம்மாவும் போனபோது இவர் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். தம்பி நடை பழகி முடிக்காத குழந்தை. அம்மா இல்லாமல் அது தூங்காது. ஒண்டுக்குடித்தனத்து உள்ளறை, ஜன்னல் கிடையாது, வேர்க்குருவோடு குழந்தை கத்தும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவார். என்ன சொல்லித் தூங்கவைப்பது? கதை தெரியாது, தாலாட்டு வெட்கம். ஒரு மாமாவை உண்டாக்கினார். விசிறிப்பாக்கத்து மாமா. விசிறிப்பாக்கம் என்று ஓர் ஊர் கிடையாது; அப்படி ஒரு மாமாவும் அவர்களுக்குக் கிடையாது. "விசிறிப்பாக்கத்து மாமா வந்துட்டார்டா, கண்ணை மூடிக்கோ. கண்ணை மூடினாத்தான் ஆத்துக்குள்ள வருவார்" என்பார். குழந்தை கண்ணை மூடும். கண்ணை மூடிக்கொண்டே, "வந்துட்டாரா?" என்று கேட்கும். "வந்துண்டே இருக்கார்." மாமா முழுசாக வந்து சேருவதற்குள் அது தூங்கிப்போய்விடும்.

அந்தத் தம்பி வளர்ந்து அச்சாபீஸ் ஒன்றில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தார். துபாஷிக்கு மனைவி கல்யாணமான சில வருஷத்திலேயே காலமாகிவிட்டாள். மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. தம்பிக்கும் ஒன்றும் அமையவில்லை. வீட்டில் இரண்டே ஆண்கள், சமையல் மாறி மாறி. துபாஷிக்கு வீட்டில் பேச வராது. நாளெல்லாம் அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்லி அலுத்துப்போன வாய். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் தம்பி, "அண்ணா, தாடிக்கு இப்போ என்ன பேர் தெரியுமோ?" என்று கேட்டாராம். அண்ணா தலைநிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். அன்று முதல் தம்பி இரண்டு நாளைக்கொருமுறை ஒரு புதுச்சொல்லோடு வருவார். இருவரும் அது எப்படிப் பிறந்திருக்கும் என்று பேசிக்கொண்டே கை காயும்வரை உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டில் பேச்சு என்று இருந்தது அது ஒன்றுதான் என்றார். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தம்பிக்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு துபாஷி ஒருவாரம் போல யாருடனும் பேசாமல் வந்து போய்க்கொண்டிருந்தார். பிறகு ஒரு மத்தியானம் நகல் அறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "அம்பி ஆத்துக்கு வரலை ஓய்" என்றார். அச்சாபீஸிலும் இல்லை. தம்பிக்கு வெகுநாளாக வயிற்றுவலியாம். அதற்கு மிளகு சாப்பிட ஆரம்பித்து, வலி போனபிறகும் மிளகை விட முடியவில்லையாம். "தெரியும் எனக்கு. தெரியாத மாதிரி இருந்தேன்" என்றார். பாய் கடைக்கும் போயிருக்கிறார், மெரினாவில் ஜட்கா நிற்கும் இடத்துக்கும் போயிருக்கிறார், அடையாற்றுப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வரைக்கும் போயிருக்கிறார். எங்கே போனாலும் மழையைப் பற்றித்தான் பேசினார்கள். தம்பி உயிரோடு இருக்கிறாரா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் வாயெல்லாம் இவருக்கு முன்னால் பூட்டியிருந்தது. "உம்மைக் கூண்டுப் பக்கத்துல யாரும் பார்த்ததில்லை. நீர் கேட்டுப் பாரும்" என்றார்.

நான் பாய் கடைக்குப் போனேன். கும்பல் இல்லாத உச்சிவெயில் நேரம். சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகவே கேட்டேன். பாய் பாக்கு வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல புள்ள தம்பி அது" என்றார். "இங்கதான் நிக்கும். சிரிச்சிக்கினே பேசும். இவனுங்க எதுனா புதுசா ஒரு பேரு வெச்சா, அது எப்படி வந்திச்சு, எவன் வெச்சான்னு நோண்டி நோண்டிக் கேட்டுக்கினு நிக்கும். ரெண்டாம் நாளு கோர்ட்டுல அந்தப் பேர அவங்க அண்ணாத்தே சொல்வாரு. ஒரு தபா ஆச்சு, ரெண்டு தபா ஆச்சு. மூணாந்தபா நாலு பேரு உள்ள போயிட்டானுங்க. ஒருத்தன் பொண்டாட்டி இங்க வந்து மண்ண வாரி எறிஞ்சிட்டுப் போனா. அப்புறம் இன்னா பண்றது சொல்லு?"

"என்ன செய்தீர்கள்?"

பாய் ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்து மடித்து, பலகையில் வைத்துக் காட்டினார். "நானே என் கையால வெச்சேன். பார்த்துக்கினே நின்னுச்சு. எடுத்துக்கல. 'பாய், நான் எங்க அண்ணா சிரிக்கட்டும்னு சொன்னேன் பாய்'னு சொல்லிச்சு. போயிடுச்சு. அப்பால இந்தப் பக்கம் வரல." பிறகு அதே வெற்றிலையை எடுத்து என் கையில் கொடுத்தார். எனக்கு வாயில் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை.

இதை நான் துபாஷியிடம் எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும். மறுநாள் கோர்ட் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். தம்பி கடைசியாகச் சொன்ன வார்த்தையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன்; விடவில்லை. நின்றபடியே கேட்டார். "அவன் அதெல்லாம் எனக்காகக் கொண்டுவந்தான் ஓய். நான் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்" என்றார். சொற்களைப் பற்றி அதன்பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை. கூண்டுக்கு அருகே நின்று அர்த்தம் சொல்வார், வேலை முடிந்தது. சிரிக்கவைக்க வக்கீல்கள் என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். விசிறி மட்டும் வழக்கம்போல வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன்னந்தனியாகப் பட்டணம் முழுவதும் நடந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. யாரிடமும் எதுவும் கேட்கமாட்டாராம். கேட்டால் மனிதர்கள் கலைந்துவிடுவார்கள் என்று தள்ளி நின்று முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். வீட்டில் இரண்டு பேருக்குச் சமைத்தார் என்று பக்கத்துக் குடித்தனக்காரர்கள் சொன்னார்கள்.

வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணமாயிற்று, நகல் அறையிலிருந்து மேலே வந்தேன். பெஞ்சு குமாஸ்தா விடுப்பில் போனால் மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே அந்த நாற்காலியில் உட்காருவேன். அப்படித் துபாஷிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருநாள் ஒரு ஜட்காக்காரரைக் கூண்டில் ஏற்றினார்கள். நடுத்தர வயது, காதில் பீடி, பயம் கொஞ்சமும் இல்லாத முகம். அடையாற்றுப் பக்கம் அபின் விற்றார் என்பது குற்றச்சாட்டு. சரக்கு எதுவும் கிடைக்கவில்லை. வண்டியில் காலி டப்பா ஒன்று, அதில் லேசான வாசனை. மற்றபடி கையில் இருந்ததெல்லாம் போலீஸ்காரர் ஒட்டுக்கேட்ட ஒரு பேச்சு. அவர் பென்சிலால் எழுதிவைத்திருந்ததை எடுத்து இழுத்து இழுத்துப் படித்தார். ஜட்காக்காரர் தோப்பில் இருந்தவர்களைப் பார்த்து, "விசிறிப்பாக்கத்து மாமா வந்துக்கினு கீறாரு, கண்ண மூடிக்கோங்கடா" என்று சொன்னாராம். அதைக் கேட்டு அவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்களாம்.

என் வலது பக்கத்தில் இதுவரை வந்துகொண்டிருந்த காற்று நின்றது.

அந்த மாமாவைப் பற்றி உலகத்தில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் உண்டாக்கியவர், ஒருவர் கேட்டுத் தூங்கியவர், மூன்றாவது நான். நானோ யாரிடமும் சொன்னதில்லை. அப்படியென்றால் தம்பி உயிரோடு இருக்கிறார். இருப்பது மட்டுமா? யாரோடும் சேர்க்காமல் பலகையில் வைக்கப்பட்ட மனிதர் கொடுத்த பெயரைத் தோப்பு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறது. மறுபடி அவரைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். இவ்வளவும் எனக்குத் தோன்றி முடிவதற்குள் மாஜிஸ்திரேட் வழக்கம்போலத் துபாஷியின் பக்கம் திரும்பிவிட்டார். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

துபாஷி எழுந்து நின்றார். பொருள் தெரிந்தால் குற்றம் ருசுவாகும், ஜட்காக்காரர் சிறைக்குப் போவார், நாளைக்கே தோப்பில் அந்தச் சொல் செத்துவிடும். அதை அங்கே கொண்டுவந்தது யார் என்று விரலை விட்டு எண்ணிப் பார்ப்பார்கள். இதெல்லாம் அந்தக் கட்டடத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் செய்து வாங்கிய உத்தியோகம். அதில் அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தெரியாது, கனம் கோர்ட்டார் அவர்களே" என்று இங்கிலீஷில் சொன்னார்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உமக்கே தெரியாதா என்று கேட்டார். தெரியாது என்றார். யாராவது உறவினராக இருக்கலாம், அப்படி ஓர் ஊரும் இருக்கலாம், தான் கேள்விப்பட்டதில்லை என்றார். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. கை மட்டும் மேஜைக்குக் கீழே விசிறியின் ஓரத்துச் சிவப்புத் துணியைப் பிடித்துக் கசக்கியது. அது என் நாற்காலியில் இருந்து பார்த்தால்தான் தெரியும். போலீஸ் இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். கூண்டில் இருந்த ஜட்காக்காரர் துபாஷியையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆதாரம் போதாது என்று வழக்குத் தள்ளுபடி ஆயிற்று.

மாலையில் நாங்கள் வெளியே வந்தபோது அந்த மனிதர் தன் வண்டியோடு வாசலில் நின்றிருந்தார். குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தார். வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்தார், காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து நிதானமாக மடித்தார். துபாஷி நடையை நிறுத்திவிட்டார். அந்த வெற்றிலையை வைக்க அருகில் வண்டியின் படி இருந்தது, மதில் சுவர் இருந்தது. துபாஷியின் கண் அந்த இடங்களுக்குத்தான் போயிற்று.

"கைய நீட்டு சாமி" என்றார் ஜட்காக்காரர்.

துபாஷி கையை நீட்டினார். ஜட்காக்காரர் வெற்றிலையை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தன் கையாலேயே மடக்கிவிட்டார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து குதிரையைத் தட்டினார். வண்டி திருப்பத்தை நெருங்குவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "கேளுங்கோ, ஓடிப் போய்க் கேளுங்கோ! எங்கே இருக்கார்னு சொல்லுவான்!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சொல்லுவான் ஓய்" என்றார். "சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சதை மறுபடியும் அந்த இடத்துல நின்னு தெரியாதுன்னு சொல்ல முடியுமா? இன்னிக்கு ஒண்ணு சொன்னேன், அதுவே என் ஆயுசுக்குப் போதும். அவன் இருக்கான். நாலு பேரோட இருக்கான். இருக்கட்டும்."

டிராமில் மயிலாப்பூர் போய்ச் சேரும்வரை அந்த வெற்றிலையைக் கைக்குள்ளேயே வைத்திருந்தார். ராயப்பேட்டை தாண்டியபோது அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்ப்பார்கள் என்று நான் விசிறியை வாங்கி அவருக்கு வீசினேன். மனிதருக்கு யாரும் வீசிப் பழக்கம் இல்லை. முகத்தில் காற்றுப் பட்டதும் திடுக்கிட்டுப் போனார்.

தம்பி வந்தாரா என்று கேட்பீர்கள். வரவில்லை. துபாஷிக்கே தெரியாத சொல் என்று அந்தப் பெயர் கொஞ்ச நாள் போலீஸ்காரர்களிடையே பேச்சாக இருந்து பிறகு மறந்துபோயிற்று. அதற்கப்புறம் மாஜிஸ்திரேட் அவரைப் பழையபடி நம்பிக் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் சொல்வதையே எடுத்துக்கொண்டார். இவருக்கும் அது சுகமாகவே இருந்தது. ஓய்வு பெற்றபிறகு கோயிலுக்குக்கூட அதிகம் போகாமல் வீட்டிலேயே கிடந்தார். பகலில் கதவைத் தாழிடமாட்டார். கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது படுக்கையில் இருந்தார். விசிறியை எடுத்து என் பக்கம் நகர்த்தி, "நீர் வெச்சுக்கும். எனக்குக் கை ஓயறது" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அம்பி வந்தால் கொடுக்கச் சொல்வாரோ என்று எதிர்பார்த்தேன்; அதையும் அவர் சொல்லவில்லை. அவர் காரியங்களை நானும் பக்கத்துக் குடித்தனக்காரர்களுமாகச் செய்து முடித்தோம்.

இன்று சாயங்காலம் கரண்ட் போயிற்று. முழங்கால் வலியில் மாடி ஏற முடியவில்லை. என் மனைவி போய் ஆடி வந்தால் ஒரு வருஷம் ஆகிறது. அவள் உட்காரும் பிரம்பு நாற்காலி இன்னும் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. எடுத்துப் போடச் சொல்ல மனமில்லை. வேறு வழியில்லாமல் ஆணியிலிருந்து விசிறியை எடுத்து வீச ஆரம்பித்தேன். வெகுநேரம் வீசியும் வேர்வை அடங்கவில்லை. என்ன இது என்று பார்த்தேன். என் கையும் வெளிப்பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காலி நாற்காலியில் மடித்து வைத்திருந்த அவள் புடவையின் தலைப்பு அந்தக் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. கரண்ட் வரும்வரைக்கும் வீசிக்கொண்டிருந்தேன்.